தலைவரை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சங்கப் பொறுப்பாளர்களுக்கும், இளைஞர் மன்றத்தாருக்கும், கட்சிகளின் கிளைச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

சட்டப்படி தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் வாக்காளர். இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறார். கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. ஆனால் யார் நிற்பது, யார் விலகிக்கொள்வது என்பதெல்லாம் அதற்குப் பல நாள் முன்பே கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ பேசி முடிந்துவிடுகிறது. பேசி முடிப்பவர்கள் நீங்கள். அதனால்தான் வாக்காளருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தல் தேதி எதுவானாலும் உங்கள் கூட்டத்தில் எழும் கேள்விகள் மாறுவதில்லை. எந்தத் தெரு, எந்த வகையறா, போன தடவை எந்தப் பக்கம் நின்றான், கையில் எவ்வளவு இருக்கிறது, நம்ம பேச்சைக் கேட்பானா. ஊராட்சிக் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் அன்றாடம் புரட்டிப் பழகியவர்கள் என்ற முறையில் நாங்கள் கவனித்தது இது: தலைவருக்கு வேலை என்ன என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் எழுவதே இல்லை. அதை ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். 'நம்மாளு' வேண்டுமா, 'விவரமான ஆள்' வேண்டுமா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கும் சண்டையில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

ஏலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். 2019 தேர்தலின்போதும் தலைவர் பதவியைக் 'கோயிலுக்கு இவ்வளவு' என்று ஏலம் விட்ட செய்திகள் வந்தன. அது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. பணம் கோயிலுக்குத்தானே போகிறது என்பீர்கள். தலைவரின் மாத மதிப்பூதியம் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவுக்குக் காணாது. அந்தப் பதவிக்குப் பல லட்சம் கட்டியவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் சாலை என்றால் 45 கன மீட்டர் கலவை வேண்டும். 12 சென்டிமீட்டர் கனத்தில் போட்டால் 36 கன மீட்டரில் வேலை முடிந்துவிடும். நடந்து போகிறவர் கண்ணுக்குத் தெரியாத 3 சென்டிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கோயிலுக்கு வந்த தொகை உங்கள் தெருவிலிருந்து உருவப்பட்டதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

குடிநீரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் தலைவருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. ஊரில் 120 வீடு, காலனியில் 80 வீடு என்று ஒரு குக்கிராமத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஆகவே 44,000 லிட்டர் வேண்டும். இருக்கும் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மணிக்கு 6,000 லிட்டர் ஏற்றுகிறது என்றால் தொட்டி ஒருமுறை நிரம்ப 5 மணி நேரம். முழுத் தேவைக்கும் 7 மணி நேரத்துக்கு மேல். டேங்க் ஆபரேட்டர் ஒருமுறை ஏற்றிவிட்டுக் காலை 6 மணிக்கு மெயின் வால்வைத் திறந்துவிட்டு வயலுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டுக் குழாயோடு அரைக் குதிரைத்திறன் மோட்டாரை நேராகப் பொருத்தி வைத்திருப்பவர்கள் உறிஞ்சிக்கொள்வார்கள். கடைசியில் இருக்கும் காலனிக் குழாயில் காற்றுதான் வரும். பிறகு, 'தொட்டி சின்னது, புதுத் தொட்டி வேண்டும்' என்று கிராம சபையில் தீர்மானம் போடுவார்கள். புதுத் தொட்டி வந்தாலும் கதை மாறாது.

தீர்வு ரொம்பச் சாதாரணமானது. பகிர்மானக் குழாயை இரண்டு பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் வால்வு போட வேண்டும். தாழ்ந்த இடத்துக்கும் கடைசிக்கும் முதலில் திறக்க வேண்டும். இரண்டாவது முறை தொட்டி ஏற்றும் நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். குழாயில் பொருத்திய மோட்டார்களைக் கழற்ற வேண்டும். முதல் மூன்றுக்கும் கொஞ்சம் கணக்கும், ஓவர்சியரிடம் கேட்டு வாங்கும் சாமர்த்தியமும் போதும். நான்காவதில்தான் ஆள் யார் என்பது தெரியும். அந்த மோட்டார் வைத்திருப்பவர் தலைவரின் சித்தப்பாவாக இருப்பார்.

மோட்டார் எரிவதும் அப்படித்தான். மூன்று பேஸில் ஒன்று போனால் தானாக நிறுத்தும் கருவி ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே உண்டு. மின்சாரம் சரியில்லாத நாளில் 'தண்ணி வரட்டும்' என்று அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். காயில் எரியும், ரீவைண்டிங் பில் வரும், அதே மாதிரி மறுபடி எரியும். ஒரே மோட்டாருக்கு ஆண்டில் மூன்று ரீவைண்டிங் வவுச்சர் இருந்தால், 'ஏன் எரிந்தது' என்று ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். அல்லது எரியவே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள்தான் தலைவராக வேண்டும். அவர் எந்தத் தெரு என்பது இதற்குப் பிறகு வரட்டும்.

பிளீச்சிங் பவுடர் கணக்கும் இதே ரகம். 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்று வைத்தால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். சோதனை பார்க்க வேண்டிய இடம் கடைசிக் குழாய். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயில் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று நோட்டில் எழுதுவது பல ஊர்களில் வாடிக்கை. திறந்து வைத்த பையில் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பது தெரியாமல் மொத்தமாக வாங்கி அடுக்குவதும் உண்டு.

பணம். ஊராட்சிக்கு ஒரே ஒரு பை இல்லை. பொது நிதிக்கு ஒரு கணக்கு, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஒன்று, திட்டங்களுக்கு வேறு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது மத்திய நிதிக்குழு மானியத்தில் 10 லட்சம் வந்தது என்றால் 6 லட்சம் கட்டுண்டது: 3 லட்சம் குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும், 3 லட்சம் சுகாதாரத்துக்கும். மிச்சம் 4 லட்சத்தையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொட முடியாது. 'ஜெயித்தால் நாடக மேடை, ஆர்ச், திருவிழா மண்டபம்' என்று உங்கள் கூட்டத்தில் வாக்குக் கொடுப்பவரிடம், எந்தக் கணக்கிலிருந்து என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது. வீட்டுவரியை ஒழுங்காக வசூலித்துப் பொது நிதியைப் பெருக்குகிற ஊரில்தான் தலைவர் கையில் அவர் விருப்பத்துக்குச் செலவு செய்யக் கொஞ்சமாவது காசு இருக்கும். 'வரி கேட்க மாட்டேன்' என்று சொல்லி ஓட்டு வாங்குபவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'பார்த்தீர்களா, அதனால்தான் சாதி பார்க்காதே, திறமையைப் பார் என்கிறோம்' என்று உங்களில் சிலர் எழுந்திருப்பீர்கள். உட்காருங்கள் ஐயா. அந்த வாசகம் ஊரில் எப்போது கேட்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொதுப் பதவியாக இருந்த இருபது வருடமும் ஒரே வகையறாவுக்குள் சுற்றியபோது யாரும் திறமையைப் பேசவில்லை. பட்டியல் சாதிக்கோ பெண்ணுக்கோ ஒதுக்கீடு என்று அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் திறமை மீது அக்கறை வந்துவிடுகிறது.

ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்பது வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. கடைசிக் குழாயில் காற்று வருவது அந்தத் தெருக்காரருக்குத் தினமும் தெரியும். தொட்டிக்கு அடியில் குடியிருப்பவருக்கு யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளையும் ஒதுக்கப்படாதவற்றையும் ஆய்வாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் ஒப்பிட்டுப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. தண்ணீர் சுமப்பவர் யாரோ அவர் தலைவராக வந்தால் பணம் தண்ணீருக்குப் போகிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அதே சமயம் 'நம்மாளு' என்பதை மட்டும் பார்த்துப் போட்டால் நஷ்டம் யாருக்கு என்பதையும் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் 102 தொகுதிகளில் 1980-க்கும் 1996-க்கும் இடையில் அரசியல்வாதிகளின் தரம் எப்படி மாறியது என்று அபிஜித் பானர்ஜியும் ரோகிணி பாண்டேயும் ஆராய்ந்தார்கள். சாதிப் பிடிப்பு இறுக இறுக, பெரும்பான்மைச் சாதி வலுவாக இருந்த தொகுதிகளில் ஜெயித்தவர்களின் நேர்மை சரிந்திருந்தது. காரணம் எளிது. யாரை நிறுத்தினாலும் ஓட்டு விழும் என்றால் நல்ல ஆளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் தலைக்கட்டு அதிகமுள்ள வகையறாவுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். சின்னக் கூட்டம் நாலு பேரிடம் ஓட்டுக் கேட்டாக வேண்டும். அதனால் நாலு பேர் மதிக்கிற ஆளைத்தான் நிறுத்தும். எனவே பெரிய தரப்பின் பெரியவர்களுக்குச் சொல்கிறோம்: உங்கள் எண்ணிக்கையே உங்களுக்கு மோசமான தலைவரைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒதுக்கீட்டில் வந்தவருக்கு 'ஒன்றும் தெரியவில்லை' என்ற புகாருக்கு இப்போது வருகிறோம். இதில்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தத் தெரியாமையில் பெரும்பகுதி ஊரில் வைத்தே தயாரிக்கப்படுகிறது.

தயாரிக்கும் முறை இது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சி நிதியில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ஒதுக்கீட்டு ஊராட்சியில் முடிவை ஏற்க மனமில்லாதவர்கள் வார்டுகளைப் பிடித்துத் துணைத்தலைவர் நாற்காலியில் தங்கள் ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். மோட்டார் மெக்கானிக்குக் காசு போகாது, பல்பு வாங்க முடியாது, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் தாமதமாகும். மூன்று மாதத்தில் ஊரே, 'இந்தத் தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்று பேசும். சண்டை முற்றினால் மாவட்ட ஆட்சியர் காசோலை அதிகாரத்தையே எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. முடக்கியவர்களுக்கு அதுவும் வெற்றிதான்.

இது போதாத இடங்களில் மற்ற வழிகள். தீர்மானப் புத்தகத்தை ஊராட்சிச் செயலர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். தலைவருக்கு எழுதி முடித்த பக்கத்தில் கையெழுத்துப் போடும் வேலை மட்டும். அலுவலகச் சாவி இன்னொருவரிடம் இருக்கும். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு மாவட்ட ஆட்சியர் வந்து அவரை ஏற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் பெண் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்து வழக்கானது. தரையில் உட்கார வைத்த கூட்டத்தில் ஒருவர் வரவு செலவை எப்படிக் கேள்வி கேட்பார்?

அதற்கும் முன்னால் போனால் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் பட்டியல் சாதிக்கு ஒதுக்கீடு வந்தது முதல் 2006 வரை, மனுவே தாக்கல் செய்ய விடாமலும், சொன்ன ஆளை நிறுத்தி ஜெயிக்க வைத்து உடனே ராஜினாமா வாங்கியும் பத்தாண்டுகள் தலைவரே இல்லாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் நஷ்டப்பட்டது காலனி மட்டும் என்று நினைக்கிறீர்களா? தலைவர் இல்லாத ஊராட்சியில் ஊர்த் தெருவுக்கும்தான் விளக்கு இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணில் 'திறமையானவர்கள் முன்வருவதில்லையே' என்று யாரும் குறைப்பட முடியாது.

ஒதுக்கீடு வந்தால் நிர்வாகம் கெடும் என்பதற்குச் சான்றும் இல்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகளை அவற்றைப் போன்ற பொதுத் தொகுதிகளோடு வைத்து 1971 முதல் 2001 வரை ஒப்பிட்டார் ஃபிரான்செஸ்கா யென்செனியுஸ். வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. இது இரண்டு தரப்புக்கும் கசக்கும் செய்தி. ஒதுக்கீட்டால் தொகுதி தாழ்ந்தும் போகவில்லை. நம் சமூகத்தவர் உட்கார்ந்துவிட்டதாலேயே நம் தெருவுக்கு எல்லாம் வந்துவிடவும் இல்லை. பதவிக்கு வந்தவர் வேலையைச் செய்து முடிக்கிறவரா என்ற கேள்வி அங்கேயும் மிச்சமிருக்கிறது. காலனிக்குள் கூடி முடிவு செய்கிற பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறோம். உங்களுக்குள்ளும் மூன்று பேர் நிற்கத் தயாராக இருப்பார்கள்; ஊர்க்காரர்களுக்கு யார் தலையாட்டுவார் என்பதைப் பார்த்து ஊர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்குள் நீங்களே மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கை மூவரிடமும் கேட்டுவிடுங்கள்.

படிப்பைத் திறமையாக எடுத்துக்கொள்வது இன்னொரு குறுக்கு வழி. ஹரியானா 2015-இல் சட்டமே போட்டது: ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுப் பிரிவு ஆண் என்றால் 10-ஆம் வகுப்பு, பெண்ணுக்கும் பட்டியல் சாதி ஆணுக்கும் 8, பட்டியல் சாதிப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க 5, கூடவே வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், கூட்டுறவுக் கடனும் மின்கட்டணமும் பாக்கி இருக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. ராஜஸ்தானும் அப்படியொரு நிபந்தனை வைத்து, 2019-இல் எடுத்துவிட்டது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இல்லாத தகுதி ஊராட்சிக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விக்குச் சரியான பதில் எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை. பட்டம் இருந்தால் தீங்கில்லை. குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவரான இளங்கோ வேதிப் பொறியாளர். அந்த ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பொறியியலும் காலனி வாழ்க்கையும் இரண்டுமே அவர் வேலைக்குப் பயன்பட்டன. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அந்த யோசனைக்கு வித்து, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஏறிக்கொண்டே போன மின்கட்டணம். கட்டண ரசீதைக் கட்டிவிட்டுக் கோப்பில் சொருகாமல், இது ஏன் ஏறுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் செய்த காரியம் அது. அந்தப் புத்தி எந்தச் சான்றிதழிலும் அச்சாகி வருவதில்லை.

பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கூட்டத்தில் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். 'அண்ணன் நிற்க முடியாது, அண்ணியை நிறுத்துவோம்.' கூட்டத்துக்கு அண்ணியை அழைப்பதுகூட இல்லை. தலைவரின் கணவர் ஆளும் இந்த முறையைத் தடுக்க வழி தேடி ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழு, 2025 பிப்ரவரியில் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. தண்டனை வரும்போது வரட்டும். நீங்கள் இப்போதே செய்யக்கூடியது, நிற்கப் போகிற பெண்ணிடம் நேரில் பேசுவது. கணவரோ மகனோ பக்கத்தில் இல்லாமல், அரை மணி நேரம். நிற்க அவருக்கு விருப்பமா? மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியிருக்கிறாரா? (குழுவில் ஐந்து வருடம் கடன் கொடுத்து வசூலித்த ஊக்குநருக்கு ரொக்கப் புத்தகத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. பல ஊர்களில் மிகத் தேர்ந்த வேட்பாளர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கண்ணில் படுவதில்லை.) ஜெயித்த பிறகு மூன்று பொருள் அவர் கையிலேயே இருக்க வேண்டும்: அலுவலகத்தில் பதிவாகும் எண்ணுள்ள கைபேசி, பணப் பரிமாற்றத்துக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அதன் கடவு எண். டோக்கன் கணவர் சட்டைப் பையில் இருந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர், வழக்கு வந்தால் நிற்க வேண்டியவர் அந்தப் பெண்தான். இதை அவரிடமும் அவர் வீட்டாரிடமும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? உங்கள் மண்டபக் கூட்டத்தில் செய்யக்கூடியதாகவே சொல்கிறோம். கடைசியாகக் கிராம சபையில் வாசித்த வரவு செலவு அறிக்கையை வாங்கி, நிற்க விரும்பும் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டட்டும். காதால் கேட்டுக் கணக்குப் பிடிக்கிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். இதில் எது அதிகமாகத் தெரிகிறது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். ரீவைண்டிங் பில்லில் விரல் வைக்கிறவர் ஒருவர் இருப்பார். பிளீச்சிங் பவுடர் இத்தனை மூட்டையா என்பார் இன்னொருவர். 'எல்லாம் சரியாத்தான் இருக்கும்' என்கிறவரும் இருப்பார், அவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஊரின் கடைசிக் குழாய் எது, அங்கே எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் குற்றமில்லை, ஒரு வாரம் கொடுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாரா, யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து சொல்கிறாரா என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன 45 கன மீட்டர் கணக்கையும் கொடுக்கலாம். சாலை போடும்போது ஓரத்தில் ஒரு கம்பியைச் செருகிக் கனம் பார்க்கத் தெரிந்த தலைவர் இருந்தால், அளவுப் புத்தகத்தில் எழுதுகிற பொறியாளரும் ஒழுங்காக எழுதுவார். அந்தப் புத்தகத்தை எம்.புக் என்று கேட்டால்தான் அலுவலகத்தில் எடுத்துத் தருவார்கள், அது வேறு விஷயம்.

கிராம சபையைப் பற்றியும் ஒரு கேள்வி. ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கோரம் இல்லாத கூட்டத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது ஊரறிந்த ரகசியம். கூட்டத்தை ஒருமுறையாவது காலனியில் நடத்துவீர்களா என்று கேளுங்கள். எல்லாத் தரப்பையும் ஒரே பந்தலில் உட்கார வைக்க முடியாதவர் எந்த வகையறாவாக இருந்தாலும் தலைவர் வேலைக்கு ஆகமாட்டார். வேட்பாளரை உங்கள் மண்டபத்தில் மட்டும் பேசவைத்து முடிவெடுத்தால் இது தெரியாது. அவரை எதிர்த் தெருவிலும் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று கேளுங்கள். மண்டபத்தில் பேசியதையே அங்கும் பேசுகிறாரா என்பது விளங்கிவிடும்.

கட்சிகளின் கிளைச் செயலாளர்களுக்குச் சுருக்கமாக. ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும் உங்கள் சின்னம் உண்டு. ஒன்றியத் தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், மறைமுகத் தேர்தலன்று எண்ணிக்கை காட்ட ஒரு தலை என்ற அளவில் மட்டுமே வேட்பாளரைப் பார்க்கிறீர்கள். தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம் என்ற பட்டியல் உங்கள் பையில் எப்போதும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கட்டும்: ஒன்றியத்தில் எத்தனை பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை, எந்தச் சாலை எப்போது போட்டது. வேட்பாளர் அதைப் பார்த்துப் பேசத் தெரிந்தவராக இருந்தால் உங்களுக்கும் பிரச்சாரத்தில் ஏதாவது பேச இருக்கும்.

துணைத்தலைவர் யார் என்பதைத் தலைவர் வேட்பாளரை முடிவு செய்யும் அதே கூட்டத்தில் பேசுங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் ஐந்து வருடச் சண்டை தொடங்குகிறது. வார்டுக்கு நிற்கிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: முறைப்படி தீர்மானம் போட்ட செலவுக்குக் கையெழுத்தை நிறுத்தி வைக்கமாட்டேன் என்று ஊர் அறியச் சொல்வாரா? சந்தேகமான பில் என்றால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு மறுக்கட்டும். வாயால் சொல்லிவிட்டு இழுத்தடிக்கக் கூடாது. எழுத்தில் இருந்தால் யார் பக்கம் நியாயம் என்பது தணிக்கையில் தெரிந்துவிடும்.

மனு தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பாவது காகிதங்களைச் சரிபார்த்துவிடுங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதே ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த ஊரிலேயே கிடப்பது அடிக்கடி நடக்கிறது. பட்டியல் சாதி ஒதுக்கீட்டுப் பதவிக்கு வட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் சாதி இடத்துக்குக் கிறிஸ்தவராக மாறியவர் நிற்க முடியாது. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி வைத்து, அறிவிப்பும் வந்திருந்தால் மனு தள்ளுபடியாகலாம். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவரை நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பரிசீலனை நாளில் அவர் மனு தள்ளுபடியானதும் மாற்று மனு போட்டிருந்த எவரோ ஒருவர் போட்டியின்றித் தலைவராகிப் போன ஊர்கள் உண்டு. மாற்று மனு போடுகிறவரிடமும் அதே வரவு செலவு அறிக்கையைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போட வையுங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சிக் கணக்கும் தீர்மானப் புத்தகமும் பார்த்துப் பழகிய சிலர்